கரண்ட் வைப்பது கை காலுக்கு மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகுத்தண்டில் மின்கருவி பொருத்தி, அடிபட்டவரை எழுந்து நிற்க வைத்தார்கள் என்று வெளிநாட்டுச் செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகைகள் படத்தோடு போடுகின்றன. சந்தோஷம்தான். நான் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன பெயின்டர். பார்க்க வரும் சொந்தக்காரர்களும் "எப்பப்பா நடப்ப?" என்றுதான் கேட்கிறார்கள். மோஷன் எப்படிப் போகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என் காலைப்பொழுது முழுக்க அதிலேதான் கரைகிறது.

டிபன் சாப்பிட்டுக்கொண்டே பேப்பர் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் ஏதாவது விழுந்தால் பெருங்குடல் நன்றாக அசையும் என்பதால் முதலில் காபி, இட்லி. அரைமணி கழித்து ஆசனவாயில் மாத்திரை. அப்புறம் என் மனைவி கையுறை மாட்டிக்கொண்டு விரலால் தூண்டிவிடுவார். எனக்கு அடி நடுமுதுகில் என்பதால், தூண்டினால் குடல் தானாகத் தள்ளும் அந்த அனிச்சைச் செயலாவது மிச்சமிருக்கிறது. தண்டுவடத்தின் கீழ்நுனியில் அடிபட்டவர்களுக்கு அதுவும் இருக்காது, கையாலேயே எடுக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மத்தியானம் தானாக வந்துவிடலாம். அதனாலேயே கல்யாணத்துக்குப் போனாலும் நான் பந்தியில் உட்காருவதில்லை. என்னை டிஸ்சார்ஜ் செய்த ஆஸ்பத்திரியில் டயப்பர் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இதற்கும் மின்தூண்டல் உண்டு. லண்டனில் பிரிண்ட்லி என்பவர் 1978லேயே, தண்டுவடத்தின் அடியிலிருந்து மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் போகிற நரம்பு வேர்களைத் தூண்டும் கருவியை உடலுக்குள் பொருத்திவிட்டார். வெளியிலிருந்து பட்டனை அழுத்தினால் மூத்திரம் போகும். மலம் கழிக்கவும் அது பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் பெரிய ஆபரேஷன். கூடவே பின்பக்க நரம்பு வேர்களை வெட்டுவது வழக்கம், அதில் ஆண்களுக்கு அனிச்சையாக வரும் விறைப்பும் போய்விடும். என் வயதில் எனக்கு அது ஒத்துவராது, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். தோள்வலி, மூட்டுவலிக்குக் 'கரண்ட் வைக்கிற' டென்ஸ் மெஷின் பெரும்பாலான பிசியோதெரபி அறைகளில் இருக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் ஓடும் நரம்புக்கும் மலக்குடல் நரம்புக்கும் தண்டுவடத்தில் வேர் ஓரளவு ஒன்றுதான். அதனால் கணுக்காலில் கரண்ட் வைத்துக் குடலைப் பழக்க முடியுமா என்று வெளிநாடுகளில் சோதிக்கிறார்கள். வயிற்றுத் தசையில் கரண்ட் பட்டை ஒட்டியும் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லுமளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. சேர்ப்பதற்கு இங்கேயே ஆளும் இடமும் இருக்கின்றன. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே டாக்டர்கள் முறைப்படி ஓர் ஆய்வு நடத்தினால், வீல்சேரை உருட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பேன். (நிற்பது பேச்சுக்குத்தான்.)

அதுவரை யாரும் ஆன்லைனில் மெஷின் வாங்கி வீட்டில் முயல வேண்டாம். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, மலம் தேங்கினாலோ குடலைத் தூண்டினாலோகூட பிரஷர் திடீரென்று எகிறி உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொன்றும் உண்டு, அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு வீடாக வருகிறார்கள், பிசியோவும் வருகிறார். அந்தப் பையில் கையுறையையும் ஆசனவாய் மாத்திரையையும் சேர்க்கட்டும். எப்படிச் செய்வது என்று வீட்டுப் பெண்களுக்கு ஒரு நர்ஸ் வந்து கற்றுத் தரட்டும். என் மனைவி யூடியூப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார், அதுவும் இந்தியில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை-11