அந்த ரெண்டு பேர் சொன்னது எங்க போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்க ஜூரி முறை (பொதுமக்கள்ல பன்னெண்டு பேர் உக்காந்து குற்றவாளியா இல்லையான்னு தீர்ப்பு சொல்றது) பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா பன்னெண்டு பேரும் ஏகமனதா சொன்னாதான் தண்டனைன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க, 2020 வரைக்கும் அது எல்லா மாநிலத்துக்கும் உண்மை இல்லைங்க. லூசியானாவுலயும் ஓரிகன்லயும் பத்து பேர் குற்றவாளின்னு சொன்னா போதும், மிச்ச ரெண்டு பேர் தலைகீழா நின்னாலும் ஆள உள்ள போட்டுடலாம்னு இருந்துச்சு.

லூசியானாவுல இது வந்த கதை ரொம்ப மோசம். 1898ல அங்க புது அரசியல் சட்டம் எழுத உக்காந்தவங்க வெள்ளைக்காரங்க கைதான் ஓங்கி இருக்கணும்னு வெளிப்படையாவே பேசினாங்க, கறுப்பின மக்கள ஜூரில சேர்க்கவே மாட்டோம்னு சட்டம் போட முடியாது, சரி வந்து உக்காரட்டும், அவங்க ஓட்டு இல்லாமலே தீர்ப்பு வர மாதிரி பண்ணிக்கலாம்னு ஒம்போது பேர் போதும்னு வச்சாங்க, அப்புறம் 1970கள்ல அத பத்தாக்குனாங்க.

ஒரு ஓட்டுல என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு நான் பாத்தத சொல்றேன். நான் இங்க சிட்டிசன் ஆனப்புறம் ஒரு கொள்ளை கேஸ்ல ஜூரியா உக்காந்தேன். முதல் ஓட்டுலயே பதினோரு பேர் குற்றவாளின்னுட்டோம், ஒரு வயசான அம்மா மட்டும் சாட்சி சொன்னவர் கொள்ளைக்காரன் போட்டிருந்தது ஜிப் வச்ச ஜாக்கெட்னு சொன்னாரே, வீடியோல பட்டன் மாதிரி தெரிஞ்சுதேன்னு அதையே சொல்லிட்டு இருந்தாங்க. பையன ஸ்கூல்ல இருந்து கூப்பிடணுமேன்னு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. ஜட்ஜுக்கு சீட்டு எழுதி அனுப்பி, எல்லாரும் திரும்ப கோர்ட் ரூமுக்குப் போய் வீடியோவ பாத்தோம், பட்டன்தான். மறுநாள் மத்தியானம் பன்னெண்டு பேரும் நாட் கில்ட்டின்னு சொன்னோம். பத்து பேர் போதும்னு இருந்திருந்தா முதல் நாளே முடிச்சுட்டு நான் ஸ்கூலுக்கு ஓடியிருப்பேன், அந்தக் கேஸ்ல மாட்டின பையன் ஜெயிலுக்குப் போயிருப்பான்.

ராமோஸ்னு ஒருத்தருக்கு லூசியானாவுல இதேதான் நடந்துச்சு. கொலை கேஸ், பத்துக்கு ரெண்டு, பரோலே இல்லாத ஆயுள். அவர் கேஸ்லதான் 2020 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், அமெரிக்க அரசியல் சட்டத்தோட ஆறாவது திருத்தம் குடுக்கற ஜூரி உரிமைன்னா ஏகமனதான தீர்ப்புதான், அது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும்னு சொன்னாங்க. 2023ல மறுபடியும் விசாரிச்சப்போ அவர் குற்றவாளி இல்லன்னு ஜூரி விட்டுட்டாங்க. மொதல்ல ஒத்துக்காத அந்த ரெண்டு பேர் அத்தனை வருஷம் முன்னாடியே சொன்னதுதான அது!

ஆனா அப்பீல் எல்லாம் அந்த 2020 தீர்ப்புக்கு முன்னாடியே முடிஞ்சு போனவங்களுக்கு இது கிடையாதுன்னு 2021ல அதே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டாங்க, மாநிலங்கள் வேணும்னா குடுத்துக்கலாமாம். ஓரிகன் கோர்ட் 2022 கடைசில பழைய கேஸுக்கும் குடுத்துட்டாங்க, லூசியானா கோர்ட் அதே வருஷம் முடியாதுன்னுட்டாங்க. அதனால அங்க ஆயிரத்துக்கு மேல ஆளுங்க இன்னிக்கு செல்லாத ஒரு கணக்குல மாட்டி உள்ள கெடந்தாங்க. தயவுசெஞ்சு அடுத்த இதழ்ல அவங்கள பத்தி ஒரு பக்கமாவது எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நியூஜெர்சி