செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையைப் பொங்கல் விழாவில் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்ததில் முடிப்பேன். பொங்கல் நடந்தது, நோட்டும் கொடுத்தோம், கண் பரிசோதனை முகாமுக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்தது. நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது. செப்டம்பரில் மட்டும் ஆள் சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இவ்வளவோடு அதை விடுகிறேன். இந்த ஆண்டு நம் சங்கத்தின் நேரத்தையும் என் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டது கடைக் கணக்கைக் காப்பாற்றி வைக்கும் வேலைதான்.

மே 26

மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 11. அந்தக் கணக்கில்தான் நாமும் ஜூன் முதல் வாரத்தில் தார்ப்பாய் வாங்குகிறோம், தகரம் மாற்றுகிறோம், தரையில் கிடக்கும் சரக்கைப் போட்மாலாவில், அதாவது மேல்பரணில் ஏற்றுகிறோம். 2025இல் மழை மே 26ஆம் தேதியே வந்துவிட்டது. 75 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்றார்கள். வொர்லியில் அந்த மாதம்தான் திறந்திருந்த ஆச்சார்ய அத்ரே சவுக் பாதாள மெட்ரோ நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் இறங்கியது. மெட்ரோவுக்கே அந்தக் கதி என்றால் சாக்கடையோரம் இருக்கும் நம் பட்டறைகளைக் கேட்க வேண்டாம்.

தாராவி 90 அடி சாலைக்கு உள்பக்கம் தோல் பை தைக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் பட்டறையில் முழங்கால் அளவு தண்ணீர். பையன்கள் தோலையும் தையல் மெஷினையும் மேலே ஏற்றிவிட்டார்கள். மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பேக்கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தார், சனிக்கிழமைதோறும், தவறாமல், தனி ஹார்ட் டிஸ்க்கில். அந்த டிஸ்க் அதே மேஜையின் கீழ் இழுப்பறையில் இருந்தது.

அடுத்த தவறு மறுநாள் நடந்தது. டிஸ்க்கைத் துடைத்து, ஃபேனடியில் வைத்துக் காயவிட்டு, வேலை செய்கிறதா என்று கரண்ட் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நனைந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. தொடாமல் அப்படியே ரிக்கவரி செய்பவர்களிடம் கொடுத்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம். பிறகு கொடுத்தார். அவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு டிஸ்க்கைத் திருப்பித் தந்தார்கள். கடைப் பெயர் வேண்டாம்.

அவர் தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் போர்ட்டலில் பத்திரமாக இருந்தது. அரசாங்கத்துக்கு நாம் கட்ட வேண்டியதை அரசாங்கம் மறக்காது. ஊரார் நமக்குத் தர வேண்டிய பாக்கி நம் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் இல்லை. அவர் பார்ட்டி பார்ட்டியாகப் போய், “என் கணக்கில் எவ்வளவு நிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்க வேண்டியதாயிற்று. சிலர் உள்ளதைச் சொன்னார்கள். பழைய கணக்கும் வெறும் பழையது இல்லை. அந்தந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம்.

ஜூன் கூட்டத்தில் இதைப் பேசியபோது மூத்த உறுப்பினர்கள் 2005 ஜூலை 26ஐ எடுத்தார்கள். அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதே நாளில் கொலாபாவில் வெறும் 73. மீட்டி ஆறு பொங்கி நம் பக்கம் மூழ்கியபோது தென்முனையில் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தார்கள். கணக்கின் இன்னொரு பிரதி அன்று கொலாபாவில் ஒரு அலமாரியில் இருந்திருந்தால் அது நனைந்திருக்காது. ஒரே ஊர்தான், ஒரே ரயில்தான். “வேற இடத்துல வையுங்க” என்று நான் மூச்சுக்கு மூச்சு சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.

வகுப்பு

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் நடத்த நினைத்த வகுப்பு மழையால் தள்ளிப்போனது. 19ஆம் தேதி செம்பூர் பக்கம் மோனோரயில் அந்தரத்தில் நின்று, ஆட்களை ஏணி வைத்து இறக்கினார்களே, அதே வாரம். பேரிடருக்குத் தயாராகும் வகுப்பைப் பேரிடரே ஒத்திவைத்தது என்று தலைவர் இன்னும் கிண்டல் செய்கிறார். கடைசியில் அக்டோபரில் நடந்தது. ஐடி வேலையில் இருக்கும் நம் உறுப்பினர் மகள் வந்து பாடம் எடுத்தார்.

அவர் சொன்ன கணக்கு 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் தன் படங்களைக் காக்கப் பரப்பிய வழியாம். இது எல்லோருக்கும் புரிந்தது. சண்டை கூகுள் டிரைவில்தான் வந்தது. “என் கணக்கெல்லாம் தானா மேல ஏறிடுது, எனக்கு எதுக்குப் பேக்கப்?” என்று ஓர் அண்ணாச்சி எழுந்தார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. அவருடைய லேப்டாப்பிலேயே வேண்டாத ஒரு ஃபைலை அழித்துக் காட்டினார். ஃபோனில் பார்த்தால் அங்கேயும் அழிந்திருந்தது. குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். இங்கே கெட்டது அங்கேயும் கெடும் என்றால் அது பிரதி ஆகாது, நிழல். அண்ணாச்சி உட்கார்ந்தார், ஆனால் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன்.

கம்ப்யூட்டரில் நுழைந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பற்றிப் பேசும்போது அவர் தூரத்து உதாரணம் எடுக்கவில்லை. 2017 ஜூன் கடைசியில், நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் சரக்கு முனையம் ஸ்தம்பித்ததே, அதைச் சொன்னார். உக்ரைனில் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக நுழைந்த நாட்பெட்யா என்ற வைரஸ், மெர்ஸ்க்கின் உலகளாவிய கம்ப்யூட்டர்களைக் கவிழ்த்துவிட்டது. ஆட்களின் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வைத்திருந்த மையக் கம்ப்யூட்டர்களில் ஒன்றே ஒன்று பிழைத்தது. அது கானாவில் இருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை, அதனால் நெட்வொர்க்கில் இல்லை, அதனால் பிழைத்தது. அதிலிருந்துதான் மற்றதைக் கட்டி எழுப்பினார்கள். பேக்கப் எடுத்ததும் ஒயரைப் பிடுங்கி வையுங்கள் என்று நூறு முறை சொன்னாலும் ஏறாதது இந்தக் கதையில் ஏறியது. செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் ரான்சம்வேர்க்காரன் பூட்டுவான். அப்படி ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள உத்தரவு. பணம் போனால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும். இரண்டையும் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

எந்தக் கணக்கு எவ்வளவு அவசரம் என்பதற்கு அவர் இரண்டு கேள்வி கொடுத்தார். எத்தனை நாள் கணக்கு போனால் தாங்குவீர்கள், எத்தனை நாள் கடை நின்றால் தாங்குவீர்கள். ஆளுக்கொரு பதில். இட்லி வியாபாரம் செய்யும் அக்கா சொன்னது எனக்கு மறக்காது: “பழைய கணக்கு ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு, நாளைக்கு யாருக்கு எத்தனை இட்லின்னு லிஸ்ட் இல்லேன்னா என் பொழப்பு அன்னைக்கே முடிஞ்சிடும்.” அவர் தினமும் சாயங்காலம் அந்த லிஸ்ட்டைத் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுகிறார். 2020 அக்டோபர் 12 காலை மும்பை முழுக்கக் கரண்ட் போனபோது தொடங்கிய பழக்கமாம். எங்கள் பாடத்தை எங்களுக்கு முன்னாலேயே படித்தவர் அவர் ஒருவர்தான்.

சோதனை ஞாயிறு

ஜனவரியில் நடந்த இதைத்தான் ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி என்று நான் சொல்வேன். சங்க அறையில் இரவல் லேப்டாப் ஒன்றை வைத்தோம். விதி ஒன்றுதான்: உங்கள் பேக்கப்பைக் கொண்டுவந்து இதில் ஏற்றி, போன வாரத்துப் பில் ஒன்றைத் திறந்து காட்டுங்கள்.

வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் திறக்கவில்லை.

ஒருவர் இரண்டு வருடமாகப் பென் டிரைவில் பக்தியோடு நகல் எடுத்தது டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை. உள்ளே வெறும் அம்புக்குறி, கணக்கு ஒரு வரி இல்லை. இன்னொருவரின் டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பாஸ்வேர்டு கணக்கெழுதும் தம்பியிடம் இருந்தது. தம்பி கோயில் கொடைக்குத் திருநெல்வேலி போயிருந்தான், ஃபோன் எடுக்கவில்லை. ஒருவருக்கு ஜிமெயில் ஓடிபி, எப்போதோ தூக்கிப்போட்ட சிம்முக்குப் போனது. வேறொருவர் புதிய பெயரில் இரண்டாவது கம்பெனி தொடங்கியதிலிருந்து பழைய கம்பெனியை மட்டுமே பேக்கப் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் கேலி செய்யவில்லை.

மோசமானது ஒன்று நடந்தது. இரவல் லேப்டாப் வேண்டாம், என் சொந்த மெஷினிலேயே காட்டுகிறேன் என்று ஓர் உறுப்பினர் ரிஸ்டோர் கொடுத்தார், அதாவது பேக்கப்பைத் திரும்ப ஏற்றினார். டேலி எச்சரித்தது, இவர் ‘எஸ்’ அழுத்தினார். நடப்புக் கணக்கின் மேல் மூன்று மாதத்துக்கு முந்தைய கணக்கு போய் உட்கார்ந்தது. அதற்குக் குழு பொறுப்பேற்கிறது. தனி ஃபோல்டரில்தான் ரிஸ்டோர் செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும். அவர் மனைவி முந்தின இரவு எடுத்த நகல் வீட்டில் இருந்ததால் தப்பித்தோம்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தவறான டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பேக்கப் வைத்திருந்தார்கள், ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. சில மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகலிலிருந்து மீட்டார்கள். அப்படியும் சுமார் 6 மணி நேரத் தரவு போயிற்று.

செயலாளர் தேறினாரா என்று பின்வரிசையில் கேட்டார்கள். தேறவில்லை. உறுப்பினர் பட்டியல் திறந்தது. சந்தா வரவு மட்டும் என் பழைய ஃபோனின் வாட்ஸ்அப்பில் படங்களாகக் கிடந்தது. பொருளாளரின் நோட்டுப் புத்தகம் என் மானத்தைக் காப்பாற்றியது.

முடிவுகள்

ஆளுக்கு இரண்டு டிஸ்க் என்று தீர்மானித்தோம். ஒன்று கடையில், ஒன்று வேறு பகுதியில் இருக்கும் இன்னொரு உறுப்பினர் வீட்டில், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிஸ்க்காக இருக்க வேண்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி ஒட்டிய உறையில் வீட்டில் கொடுக்க வேண்டும். ஒரே தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று ஒரு திருத்தம் வந்து ஏகமனதாக நிறைவேறியது. இந்தச் சங்கத்தில் ஏகமனதாக ஏதாவது நிறைவேறி நான் பார்த்தது அன்றுதான். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நகலை ஊர் வீட்டில் வைப்பதும் நல்லது. மும்பை மழை திருநெல்வேலி வரை வராது.

காகிதத்தையும் சேர்த்துக்கொண்டோம். சூடுபட்டு அச்சாகும் மெஷின் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். தாராவிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். மறுசீரமைப்பில் இலவச வீட்டுக்குத் தகுதி பார்க்கும் 2000 ஜனவரி 1 என்ற தேதிக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். குமாஸ்தா லைசென்ஸ் (கடை உரிமம்), ஃபோட்டோ பாஸ் (குடிசைவாசி அடையாள அட்டை), பழைய லைட் பில் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே வையுங்கள். சங்க அறையில் வியாழன் மாலை ஸ்கேன் செய்து தருகிறோம், கட்டணம் இல்லை. நகலை நாங்கள் வைத்துக்கொள்வதும் இல்லை.

அவசரத்துக்கு உதவச் சங்கத்துக்கென்று ஒரு லேப்டாப் வாங்கும் தீர்மானம் நிறைவேறியது, வாங்கவில்லை. காரணம் சந்தா பாக்கி. அந்தப் பட்டியலை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

உலக பேக்கப் நாள் என்று மார்ச் 31ஐ வைத்திருக்கிறார்கள். கணக்கு முடிக்கிற அன்றைக்கு நம்மில் எவர் வருவார்? அதனால் அடுத்த சோதனையை மே கடைசி ஞாயிறு, மழைக்கு முன்னால், காலை 10 மணிக்கு இதே அறையில் வைத்திருக்கிறோம். டிஸ்க், அதன் ஒயர், ஓடிபி வரும் ஃபோன் மூன்றையும் கொண்டுவாருங்கள். கணக்கெழுதும் தம்பிகளையும் கூட்டி வாருங்கள். வடை, டீ உண்டு.

இந்த அறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்
மும்பை