சோப்புக்கு டிரேட்மார்க் கேட்டேன், விளம்பர வேலைக்கு வாங்கித் தந்திருக்கிறீர்கள்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள், டிரேட்மார்க் பதிவு செய்து தரும் நிறுவனம்

பொருள்: டிரேட்மார்க் விண்ணப்பத்தைத் தவறான வகுப்பில் தாக்கல் செய்தது, கண்காணிப்புச் சேவையில் கோட்டை விட்டது தொடர்பாக.

ஐயா / அம்மா,

நான் சோப்பு செய்து விற்கிறவன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அலுவலகத்தில் யார் மனதிலும் இது பதிந்ததாகத் தெரியவில்லை. 14 மாதங்களுக்கு முன் உங்கள் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் 'குளியல் சோப்பு தயாரிப்பு' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். சோப்பின் படம், லேபிள், பழைய பில்கள் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். நீங்கள் வாங்கித் தந்த சான்றிதழில், எதற்காகப் பதிவு என்ற இடத்தில் இருப்பது இதுதான்: விளம்பரம், வணிக மேலாண்மை, அலுவலகப் பணிகள். பொருள்களையும் சேவைகளையும் பிரித்து வைத்திருக்கும் வகுப்புகளில் இது 35.

நான் எந்தக் காலத்தில் விளம்பர ஏஜென்சி நடத்தினேன்?

என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. சான்றிதழ் வந்த அன்று என் பிராண்ட் பெயரையும் முத்திரையையும் பார்த்த சந்தோஷத்தில் கீழே இருந்த வரியைப் படிக்காமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். ஆனால் அந்த வரியைப் படிக்கத்தானே உங்களுக்குப் பணம் கொடுத்தேன்.

விஷயம் வெளியே வந்தது போன மாதம். வழக்கமாக வாங்கும் ஒருவர் போன் செய்து, "என்ன சார், புதுசா மஞ்சள் உறை போட்டிருக்கீங்க, வாசனையே வேறயா இருக்கே" என்றார். நான் உறையை மாற்றவே இல்லை. படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால் என் பெயர்தான், ஒரே ஒரு எழுத்து வேறு. நான் 'ல' போட்ட இடத்தில் அவர்கள் 'ள' போட்டிருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. அது விற்கப்படும் இணையச் சந்தையில் சான்றிதழை இணைத்துப் புகார் கொடுத்தேன். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது: உங்கள் பதிவு சோப்புக்கானது அல்ல, எதிர்த்தரப்பு 3ஆம் வகுப்பில் விண்ணப்பித்திருக்கிறது, நடவடிக்கை எடுக்க இயலாது.

அப்புறம்தான் ஒரு வக்கீலிடம் போனேன். பத்து நிமிடத்தில் புரிய வைத்துவிட்டார். 1957ஆம் ஆண்டு நீஸ் நகரில் போட்ட ஒப்பந்தத்தின்படி பொருள்களும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகள். 34 வரை பொருள்கள், மீதி 11 சேவைகள். குளியல் சோப்பு 3, மருந்துச் சோப்பு 5, சோப்பு வைக்கிற டப்பா 21. இவ்வளவுதான். 35 என்பது அடுத்தவருக்காக விளம்பரம், வணிக நிர்வாகம் போன்ற வேலைகளைச் செய்து கொடுப்பவர்களுக்கு. தான் செய்த சோப்பைத் தானே விற்கிறவன் அதில் வரமாட்டான்.

இதைக் கேட்க உங்களை அழைத்தபோது உங்கள் பிரதிநிதி சொன்ன பதில்: "வியாபாரம்தானே சார் பண்றீங்க, 35 போட்டா எல்லாம் அதுல அடங்கிடும்." சரி, எல்லாம் அடங்கும் என்றால் மற்ற 44 வகுப்புகள் எதற்கு என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

திருத்திக் கொள்ளலாம் என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். தாக்கல் செய்த விண்ணப்பத்தில் பட்டியலைக் குறைக்கலாமே தவிர, இல்லாத பொருளைப் புதிதாக நுழைக்க முடியாது. சோப்புக்கு வேண்டுமானால் புது விண்ணப்பம், புதுத் தேதி. அதாவது 14 மாத முன்னுரிமை போச்சு. முதலில் பயன்படுத்தியவன் நான் என்ற வாதம் சில நாடுகளில் நன்றாக எடுபடும், பல நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவர் பக்கமே சட்டம் சாயும்.

என் பெயரைப் போல வேறு யாராவது விண்ணப்பித்தால் சொல்கிறோம் என்று கண்காணிப்புச் சேவைக்குத் தனியாக ஒரு தொகை வாங்கினீர்களே, அது என்ன செய்தது? எதிர்த்தரப்பின் விண்ணப்பம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லட்டும் என்று வெளியிடும் டிரேட்மார்க் இதழில் வந்திருக்கிறது, உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. விசாரித்தால், 35ஆம் வகுப்பை மட்டும்தான் பார்த்தார்களாம், அதிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் மணி அடிக்குமாம். காதில் விழும் ஒலியையும் சேர்த்துத்தான் ஒற்றுமையை எடைபோடுவார்கள் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

இன்னொன்று. விண்ணப்பம் போட்ட அன்றே, "இனிமே தைரியமா வட்டத்துக்குள்ள ஆர் போட்டுக்கலாம்" என்றீர்கள். பதிவான டிரேட்மார்க் என்று காட்டும் குறி அது. நம்பி 4,000 அட்டைப் பெட்டி அச்சடித்தேன். பதிவு முடியும்வரை டி.எம். என்ற இரண்டு எழுத்துதான் போடலாம், பதிவாகாத பொருளில் அந்த ஆர் குறியைப் போடுவது பல நாடுகளில் குற்றம் என்று இப்போது தெரிகிறது. மூன்று நாளாக வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கடுகளவு வெள்ளை ஸ்டிக்கரை அந்த வட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். நகக்கண்ணெல்லாம் பசை.

இந்த லட்சணத்தில், போன வாரம் 'உலக டிரேட்மார்க்' எடுக்கலாம் என்று உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பு. அப்படி ஒரு பதிவே கிடையாது. பன்னாட்டு விண்ணப்பத்துக்கான மாட்ரிட் முறையில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம், முடிவு அந்தந்த நாட்டு அலுவலகத்துடையது. அதுவும் சொந்த நாட்டில் எடுத்த அடிப்படைப் பதிவில் உள்ள பட்டியலைத் தாண்டிக் கேட்க முடியாது. உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இல்லாத விளம்பர ஏஜென்சியை நாடு நாடாகக் கொண்டு போயிருப்பேன்.

நான் கேட்பது: 3ஆம் வகுப்பில் புது விண்ணப்பத்தை அரசுக் கட்டணம் உட்பட உங்கள் செலவில் உடனே தாக்கல் செய்ய வேண்டும், தாக்கலுக்கு முன் நகல் என் கைக்கு வர வேண்டும். கண்காணிப்புக்கு வாங்கிய தொகை முழுவதும் திரும்ப வேண்டும், அட்டைப் பெட்டி அச்சுச் செலவும்தான், பில் இணைத்திருக்கிறேன். எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் வேலையை உங்களிடம் விடப் போவதில்லை, அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். அவருக்காக என் கோப்பு முழுவதும், நான் அனுப்பிய பழைய பில்களின் மூலப் பிரதிகளோடு வேண்டும். நான்தான் முதலில் விற்றேன் என்பதற்கு அவைதான் சாட்சி.

ஆட்சேபக் கெடுவுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. பில்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சோப்பு தயாரிக்கும் உங்கள் வாடிக்கையாளர்