இரண்டு சேர்வருக்குப் பணம், ஒன்றில் மட்டும் சுமை: லோட் பேலன்சர் அமைப்பைத் திருத்தக் கோரும் புகார்

மட்டக்களப்பு.

முகாமையாளர்,
தொழில்நுட்ப உதவிப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உயர்தர மாணவர்களுக்காக நாங்கள் நடத்தும் இணையவழி மாதிரிப் பரீட்சைத் தளம் உங்களது நான்கு சேர்வர் பொதியில் இயங்குகிறது. முன்னால், வரும் கோரிக்கைகளைச் சேர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர் (அதில் ஓடுவது என்ஜின்எக்ஸ் மென்பொருள்), அதன் பின்னால் பக்கங்களை உருவாக்கும், தலா 4 ஜிபி ரேம் உள்ள இரண்டு பிஎச்பி சேர்வர்கள், கடைசியில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சேர்வர். இந்த அமைப்பைப் போட்டுத் தந்ததும் பராமரிப்பதும் நீங்கள். மாலை ஏழு மணிக்குப் பரீட்சை தொடங்கியதும் தளம் முடங்குகிறது. முறையிடும் ஒவ்வொரு முறையும், “ட்ரஃபிக் கூடிவிட்டது, பெரிய பொதிக்கு மாறுங்கள்” என்றே பதில் வருகிறது.

அந்தப் பதில் தவறு. தளம் முடங்கிக் கிடக்கும் நேரத்தில் முதலாம் பிஎச்பி சேர்வரின் சிபியூ 100 சதவீதத்தில் நிற்கிறது, இரண்டாவது 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இந்த நிலையில் பெரிய சேர்வர் வாங்கினாலும் சுமை முழுவதும் அதே முதலாம் சேர்வரின் தலையில்தான் விழும்.

காரணம், உங்கள் உதவிப் பிரிவு அனுப்பிய கொன்ஃபிக் (அமைப்புக் கோப்பு) பிரதியிலேயே இருக்கிறது. பின்னாலுள்ள சேர்வர்களைப் பட்டியலிடும் அப்ஸ்ட்ரீம் பகுதியில், பயனரின் இணைய முகவரியை வைத்துச் சேர்வரைத் தேர்ந்தெடுக்கும் ஐபி_ஹாஷ் முறை போடப்பட்டுள்ளது. அது ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று எண்களை மட்டும் பார்த்துச் சேர்வரைத் தீர்மானிக்கும். எங்கள் மாணவர்களில் பெரும்பாலானோர் கைபேசி டேட்டாவில் வருகிறவர்கள். பொத்துவில்லில் இருப்பவரும் வாழைச்சேனையில் இருப்பவரும் ஒரே தொலைபேசி நிறுவனத்தின் சிம் வைத்திருந்தால், அந்த நிறுவனத்தின் நாட் (பலரை ஒரே பொது முகவரியில் வெளியே அனுப்பும் முறை) வழியாக ஒரு சில பொது முகவரிகளிலிருந்தே வெளியே வருகிறார்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாகிவிடுவதால் நூற்றுக்கணக்கானோர் ஒரே சேர்வருக்குப் போகிறார்கள். வெவ்வேறு வீட்டு இணைப்புகளில் இருந்து பயனர்கள் வரும் தளத்துக்கு இந்த முறை ஓரளவு பொருந்தலாம். எங்கள் தளத்துக்குப் பொருந்தாது.

ஐபி_ஹாஷை நீங்கள் வைத்திருப்பதற்கான காரணமும் எங்களுக்குத் தெரியும். மாணவர் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் செஷன் கோப்புகள் அந்தந்தச் சேர்வரின் டிஸ்கிலேயே எழுதப்படுகின்றன. மாணவர் சேர்வர் மாறினால் செஷன் போய்விடும், அதைத் தடுக்கவே கட்டிவைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கட்டும் நிற்கவில்லை. வீட்டு வைஃபை அறுந்து கைபேசி டேட்டாவுக்கு மாறினாலே முகவரி மாறிவிடுகிறது. கோரிக்கைகளைப் பதியும் அக்சஸ் லாக்கில், சேர்வர் மாறிச் செஷன் போவதை அப்படியே பார்க்கலாம்: விடைத்தாள் சமர்ப்பிப்புக்கு நேரே 504 (சேர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை), எடுத்த நேரம் 60 விநாடி. அடுத்த வரியில் அதே மாணவருக்கு 302 (வேறு பக்கத்துக்குத் திருப்பல்), உள்நுழைவுப் பக்கம். அந்த வரியில் அப்ஸ்ட்ரீம் முகவரி இரண்டாம் சேர்வருடையது. இரண்டு மணித்தியாலம் எழுதிய பிள்ளை கடைசியில் காண்பது கடவுச்சொல் கேட்கும் பெட்டியை.

முடக்கம் பரவும் விதமும் இதனோடு பிணைந்தது. மேக்ஸ்_ஃபெயில்ஸ் (எத்தனை தோல்விக்குப் பின் சேர்வரை விலக்குவது) 1, ஃபெயில்_டைம்அவுட் (எவ்வளவு நேரம் விலக்குவது) 10 விநாடி என்ற இயல்பு மதிப்புகளை நீங்கள் தொடவேயில்லை. ஒரே ஒரு கோரிக்கை நேரம் கடந்தாலும் முதலாம் சேர்வர் 10 விநாடிக்கு ஒதுக்கிவைக்கப்படுகிறது. அதிலிருந்த எல்லோரும் இரண்டாவதில் விழுகிறார்கள். அங்கே அவர்களுக்குச் செஷன் இல்லை, ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் மறுபடி உள்நுழைகிறார்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பிகிரிப்ட், வேண்டுமென்றே சிபியூவை அதிகம் எடுக்கும்படி செய்யப்பட்ட முறை. சாதாரணப் பக்கத்தைத் தாங்கும் சேர்வர், உள்நுழைவு வெள்ளத்தைத் தாங்காது.

நினைவகக் கணக்கும் பிழை. எங்கள் செயலியின் ஒரு பிஎச்பி-எஃப்பிஎம் புரோசஸ் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிப்பது) ஏறத்தாழ 60 எம்பி எடுக்கிறது. இந்த புரோசஸ்களின் உச்ச எண்ணிக்கையான பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் 100 என்று வைத்தால் 6 ஜிபி வேண்டும், இருப்பது 4 ஜிபி. ரேம் போதாமல் டிஸ்கைப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குப் போனவுடன் எல்லாமே நின்றுவிடுகிறது. இன்னொன்று, இரண்டு சேர்வரிலும் தலா 100 என்றால் டேட்டாபேஸுக்கு 200 இணைப்புகள் வரை போகலாம். மைஎஸ்கியூஎல்லின் இணைப்பு வரம்பான மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் இயல்பு மதிப்பான 151லேயே இருக்கிறது. 1040 பிழை (இணைப்புகள் அதிகம்) வருவதில் வியப்பில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது பின்வருமாறு. முதலில் செஷனை டிஸ்கிலிருந்து எடுத்து, டேட்டாபேஸ் சேர்வரில் ரெடிஸ் (நினைவகத்தில் தரவை வைக்கும் மென்பொருள்) நிறுவி அங்கே வையுங்கள். அதன் 6379 போர்ட் உள் வலையமைப்புக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். பிஎச்பியின் ரெடிஸ் நீட்சியில் செஷன் லாக்கிங் (ஒரு செஷனை ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை மட்டும் மாற்றவிடும் பூட்டு) இயல்பாக அணைந்திருக்கும், அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் விடைகளின் தானியங்கிச் சேமிப்பும் சமர்ப்பிப்பும் ஒரே நேரத்தில் வரும்போது ஒன்றை மற்றது அழிக்கும். இது முடிந்த பின்னரே ஐபி_ஹாஷை நீக்கி, குறைந்த இணைப்புகள் உள்ள சேர்வருக்கு அனுப்பும் லீஸ்ட்_கான் போடுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மாணவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள்.

மேக்ஸ்_சில்ட்ரனை 45க்குக் குறையுங்கள். 2.7 ஜிபி போக மீதி இயங்குதளத்துக்கும் கேஷுக்கும் போதும், டேட்டாபேஸ் இணைப்பும் 90க்குள் அடங்கும். மேக்ஸ்_ஃபெயில்ஸ் 3, இணைப்பு ஏற்படுத்தும் நேர வரம்பு 3 விநாடி என்று வையுங்கள். தோற்ற கோரிக்கையை அடுத்த சேர்வருக்கு அனுப்பும் ப்ராக்ஸி_நெக்ஸ்ட்_அப்ஸ்ட்ரீமில், சமர்ப்பிப்புகளையும் மறுபடி அனுப்பவைக்கும் நான்_ஐடெம்போடென்ட் சேர்க்கவே வேண்டாம், சேர்த்தால் ஒரே விடைத்தாள் இரண்டு தடவை பதியும்.

சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதை என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பு முன்கூட்டிச் சோதிக்காது, மாணவரின் கோரிக்கை தோற்ற பிறகுதான் அறியும். ஆதலால் லோட் பேலன்சரை எச்ஏப்ராக்ஸி என்ற மென்பொருளுக்கு மாற்றித் தருவதே எங்கள் விருப்பம். இயல்பு மதிப்பிலேயே அது 2 விநாடிக்கு ஒருமுறை சோதித்து, 3 தடவை தொடர்ந்து தோற்றால் சேர்வரை விலக்கும். சோதனைப் பக்கம் பிஎச்பி வழியாக ஓட வேண்டும், ஆனால் டேட்டாபேஸைத் தொடக்கூடாது. அப்படித் தொட்டால், டேட்டாபேஸ் ஒரு கணம் தடுமாறினாலும் நல்லாயிருக்கும் இரண்டு சேர்வரும் ஒன்றாக விலக்கப்பட்டுவிடும்.

பதிவேற்றிய வினாத்தாள் படங்கள் ஒரு சேர்வரில் மட்டும் இருப்பதால் மற்றதில் 404 வருகிறது. நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பும் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) இரண்டிலும் ஓடுவதால் பெற்றோருக்கு இரட்டைச் செய்தி போகிறது. இவை சிறிய வேலைகள், இதோடு சேர்த்தே முடியுங்கள்.

மாற்றங்களைப் பரீட்சை இல்லாத நாளின் இரவில் செய்து, முன்பும் பின்பும் இரு சேர்வர்களின் சிபியூ வரைபடத்தை எங்களுக்கு அனுப்புங்கள். சுமைப் பகிர்வு என்று விற்றுவிட்டுப் பகிராமல் இருந்த மாதங்களுக்கு, இரண்டாம் சேர்வரின் வாடகையை அடுத்த பட்டியலில் கழிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவோம்.

லாக் பகுதிகளும் உங்கள் கொன்ஃபிக் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
தளத் தொழில்நுட்பப் பிரிவு