கதவுக் கீலுக்கு எந்தத் திருகு

அன்பு மகள் கயலுக்கு,

நலம். புனேயிலிருந்து நீ அனுப்பிய ஸ்டெயின்லெஸ் திருகுப் பெட்டி நேற்று வந்தது. தாத்தாவின் அம்பாசிடர் பெயின்ட் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டது என்றதும் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறாய், மனசுக்கு நிறைவாக இருக்கிறது. நம்பர் பிளேட், கதவின் உள்பக்க அட்டை, மிதியடி ஓரத்துப் பட்டை எல்லாவற்றுக்கும் அதுதான். கதவுக் கீலுக்கு மட்டும் போடப்போவதில்லை. காரணம் போனில் சொல்லி முடிகிற அளவில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் மரை. நீ அனுப்பியது 8 எம்எம். நம் வண்டி மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்தது, அதன் போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. கழற்றிய கீல் போல்ட்டைத் துரு நீக்கி மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்தேன்: 5/16 அங்குலம், பட்டறைப் பேச்சில் இரண்டரை நூல், அங்குலத்துக்கு 24 மரை. மில்லிமீட்டரில் சொன்னால் 7.94. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சாதாரண 8 எம்எம்மில் மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர், இதில் ஏறக்குறைய 1.06. அதனால் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் கீல் மாட்டும் கார்த் தூணுக்குள் இருக்கும் தகட்டின் மரை போய்விடும். அந்தத் தகட்டை எடுக்கத் தூணை வெட்ட வேண்டும், புது பெயின்டும் போச்சு.

அடுத்தது பலம். திறந்த கதவின் எடை முழுவதும் மேல்கீலை வெளியே இழுக்கும், கீழ்க்கீலை உள்ளே தள்ளும். கடையில் கிடைக்கும் ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கல் இழுவிசையிலேயே நீளத் தொடங்கிவிடும். 8.8 என்று தலையில் குறி போட்ட ஹைடென்சில், அதாவது உறுதி கூடிய எஃகு போல்ட், 640 வரை தாங்கும். அங்குல போல்ட்டில் 8.8 என்று இருக்காது, தலையில் மூன்று கோடு இருக்கும். கிரேடு 5 என்பார்கள், பலம் கிட்டத்தட்ட அதேதான். அந்த மூன்று கோட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். நம் மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய போல்ட் குவியல் குவியலாகக் கிடக்கும், நான் ஸ்பேனர் வாங்க விரும்பிப் போகிற இடம். ஆனால் எந்த வண்டியில் எவ்வளவு இழுபட்டது என்று தெரியாத போல்ட்டைக் கீலில் நம்பிப் போட முடியாது.

கதவுப் பக்கம் சிஎஸ்கே திருகு, அதாவது தலை கூம்பாகக் குழிவுக்குள் அமரும் கவுன்டர்சங்க் திருகு. கீலில் குழிவு 90 டிகிரிக்கு வெட்டியிருக்கிறது. ஆன்லைனில் வரும் அமெரிக்க அங்குல சிஎஸ்கே 82 டிகிரி. போட்டால் தலை அடியில் மட்டும் தொட்டு, விளிம்பு அந்தரத்தில் நிற்கும். தலையில் மார்க்கர் மை தடவி இறுக்கிக் கழற்றிப் பார், எங்கே உரசியது என்று தெரிந்துவிடும். மரை நன்றாக இருந்த பழைய திருகுகளையே புதூர் தொழிற்பேட்டையில் கொடுத்து ஜிங்க் பூசி வாங்கிவிட்டேன்.

ஸ்டெயின்லெஸ் என்றால் துரு பிடிக்காதே என்று நீ கேட்பாய். ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பிடிக்காது, அதை ஒட்டிய இரும்புக்குப் பிடிக்கும். இறுக்கும்போது தலைக்கு அடியில் பெயின்ட் உரியும். ஐப்பசி மழையில் ஈரம் இறங்கினால் அந்தச் சின்ன இடத்தைத்தான் அரிக்கும். ஜிங்க் பூசியது என்றால் முதலில் ஜிங்க்தான் கரையும், இரும்பு தப்பும்.

மாட்டும்போது அவசரமே கூடாது. தகட்டின் மரையில் பெயின்ட் அடைத்திருந்தது, மரை வெட்டும் 5/16 டேப்பை விட்டுச் சுத்தம் செய்தேன். கதவைப் பழைய துண்டு சுற்றிய ஜாக்கியின் மேல் நிறுத்தி, எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றியிருக்கிறேன். கதவைச் சுற்றிலும் இடைவெளி ஒத்துவந்த பிறகுதான் இறுக்கம், போல்ட் தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை எல்லாம்.

ஒரு உதவி வேண்டும். இங்கே கிடைக்கும் கதவு ரப்பர் தடிமனாக இருக்கிறது, அது கதவை வெளியே தள்ளிவிடும். பழைய ரப்பரில் ஒரு துண்டு கூரியரில் அனுப்புகிறேன். புனேயில் அதே அளவு கிடைத்தால் நான்கு கதவுக்கும் வாங்கி அனுப்பு. அது வரும்வரை போல்ட்டைக் கடைசியாக இறுக்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா