கைதட்டுவதற்காக மட்டும் உங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு பொது விழாவுக்கு நம் பள்ளியிலிருந்து 40 பேரை அனுப்பிவைத்தேன். மாணவர்கள் வந்தால் விழா களைகட்டும் என்று கேட்டார்கள். நானும் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்காமல் சம்மதித்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்குச் சீருடையில் வரிசையாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் பதினொன்றரை மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு முன்வரிசை நிறைந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான். கைதட்டச் சொன்னபோது தட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "நாங்கள் எதற்காக அங்கே போனோம்?"

அவளுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி இத்தனை மாதங்களாக என் மேசையிலேயே கிடக்கிறது. இந்தக் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரையிலான மாணவர்களை ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபடுத்தத் திட்டமிட்டிருக்கிறோம். அதற்கு உங்கள் ஒப்புதலைக் கேட்கும் முன், எதற்காக அனுப்புகிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது என் கடமை.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர், யுனிசெஃப் அமைப்புக்காக 1992இல் எழுதிய கட்டுரையில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். அதன் கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது முதல் படி. அலங்காரத்துக்கு நிறுத்துவது இரண்டாவது. பேருக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிட்டு அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் இருப்பது மூன்றாவது. நம் 40 பிள்ளைகளும் அன்று இரண்டாவது படியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அங்கே உட்காரவைத்தவன் நான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் அதே ஆண்டில் பார்த்தேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், நூலகத்திலிருந்து அவன் வீடு திரும்பும் தெருவில் விளக்குகள் எரியவில்லை என்று ஒரு மனு எழுதினான். குடியிருப்போர் கூட்டத்தில் அவனே அதைப் படிக்கட்டும் என்றார்கள். எழுந்து நின்றான். முதல் இரண்டு வரிகள் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டன. கையில் காகிதம் நடுங்கியது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒருவழியாகப் படித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தக் கம்பம், தம்பி? நம்பர் என்ன?" அவனுக்குத் தெரியவில்லை. அவர் அதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "நம்பர் இருந்தால்தான் ஆளை அனுப்ப முடியும்" என்றார்.

மறுநாள் மாலை அவன் நண்பன் ஒருவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு டார்ச் விளக்கோடு அந்தத் தெரு முழுவதும் நடந்திருக்கிறான். கம்பங்களில் பெயிண்ட் உரிந்துபோன எண்களைத் தேடித்தேடிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறான். எரிவது, எரியாதது, விட்டுவிட்டு எரிவது என்று மூன்று கட்டங்கள். இரண்டு கம்பங்களில் எண்ணே இல்லை. அவற்றுக்கு எதிரே இருக்கும் வீட்டு வாசலின் நிறத்தை எழுதி வைத்திருந்தான். அடுத்த வாரம் ஏணியோடு ஆள் வந்தார். எல்லா விளக்குகளும் எரிந்துவிடவில்லை. மூன்று இன்னும் இருட்டாகத்தான் இருக்கின்றன. அவன் அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறான்.

அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுக்காரியங்களில் ஆர்வம் இல்லை என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அவர்களை எங்கே கூப்பிட்டோம், எதற்குக் கூப்பிட்டோம் என்று யோசிப்பதில்லை. வெறுமனே வந்து நில் என்றால் எந்தப் பிள்ளைதான் ஆசையோடு வரும்? இந்த வேலை உன்னுடையது, நீ செய்யாவிட்டால் நடக்காது என்று சொல்லிப் பாருங்கள். அதே பிள்ளை டார்ச் விளக்கைத் தேடி எடுக்கும்.

பிள்ளைகள் செய்யும் வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானின் கமாய்ஷி நகரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கடலோர நகரம். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியின் மாணவர்கள், 12 முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள், பல ஆண்டுகளாகப் பேரிடர்ப் பயிற்சியில் ஈடுபட்டுவந்தார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளோடு சேர்ந்து மேட்டுக்கு ஓடிப் பழகினார்கள். வீட்டில் இருந்தவர்கள் பத்திரமாக வெளியேறிவிட்டார்கள் என்று வாசலில் மாட்டிவிட்டுப் போகும் அட்டைகளைத் தயாரித்து ஊருக்குள் கொடுத்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது பள்ளிக்கூடத்துச் சின்ன வேலையாகத்தான் தெரிந்திருக்கும். 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்தபோது அந்த மாணவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் மேட்டை நோக்கி ஓடினார்கள். தங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஏறியிருந்த தொடக்கப் பள்ளிக் குழந்தைகள், பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துத் தாங்களும் இறங்கி ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடமும் போதாது என்று தெரிந்ததும் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள். இரண்டு பள்ளிகளும் ஆழிப்பேரலையில் மூழ்கின. அந்த நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 3,000 பேர் உயிர்பிழைத்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் ஒருபோதும் வர வேண்டாம். ஆனால் அந்த மாணவர்கள் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்களே, அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததில்லை. ஊர்க்காரியத்தில் கைவைத்துப் பழகிய பிள்ளைகளுக்குத்தான் அது வரும்.

இனி எங்கள் திட்டத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பொதுக்காரியத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பது, கண் பரிசோதனை முகாமில் பதிவு மேசையைப் பார்த்துக்கொள்வது, பூங்காவில் நட்ட மரக்கன்றுகளுக்கு ஓராண்டு தண்ணீர் ஊற்றுவது, முதியவர்களுக்குக் கைபேசியில் விண்ணப்பம் நிரப்ப உதவுவது, உள்ளாட்சிக் கூட்டத்தில் பார்வையாளராக உட்கார்ந்து குறிப்பெடுப்பது என்று சிலவற்றைப் பேசி வைத்திருக்கிறோம். மரம் நடும் விழாவுக்கு மட்டும் யாரையும் அனுப்பப் போவதில்லை. நட்டுவிட்டுப் போக எல்லோரும் வருவார்கள், மூன்றாம் வாரம் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இருக்காது. அந்த மூன்றாம் வாரத்துக்குத்தான் நம் பிள்ளைகள்.

எந்த நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தாலும் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, "எங்கள் மாணவருக்கு என்ன வேலை?" என்பது. இரண்டாவது கேள்வி, "அந்த வேலையில் எதை முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு?" என்பது. இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் சிலர் தயங்குகிறார்கள். பிள்ளைகளிடம் முடிவை விடுவதா என்கிறார்கள். விடலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014 முதல் தன் நிதியில் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்பதை 12 முதல் 25 வயது வரையிலானவர்களின் வாக்குக்கு விட்டது. அவர்கள் பணத்தை வீணடிக்கவில்லை. பூங்காக்களைச் சீர்செய்யவும் நடைபாதை போடவும் பள்ளிகளுக்கு மடிக்கணினி வாங்கவும் வாக்களித்தார்கள். 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவும் இதையேதான் சொல்கிறது: பிள்ளையைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

சான்றிதழ் உண்டா, மதிப்பெண் உண்டா என்று சில பெற்றோர்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். இல்லை. இதை நாங்கள் நன்றாக யோசித்துத்தான் முடிவு செய்தோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1999 முதல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். அப்படிப்பட்ட கட்டாயம் சிலரை முதன்முறையாக வாசல் தாண்டிவர வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கட்டாயத்துக்காகவே வந்தோம் என்று உணர்ந்த மாணவர்களுக்குப் பிறகு தாமாக முன்வரும் விருப்பம் குறைந்துபோகக்கூடும் என்று அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். மணிக்கணக்கை எண்ணத் தொடங்கிய பிள்ளை மனிதரைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே விருப்பம் உள்ளவர்கள் வரட்டும். இப்போது விருப்பம் இல்லாதவர்கள் அடுத்த பருவத்தில் வரலாம்.

படிப்பு கெட்டுவிடுமே என்ற கவலை உங்களில் பலருக்கு இருக்கும். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களில் எந்த மாணவரையும் வெளியே அனுப்ப மாட்டோம். மற்ற நாட்களில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்க மாட்டோம். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைக்கு நட்டம் என்று நான் நினைக்கவில்லை. கனடாவில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு பிரிவினர் சுமார் பத்து வாரங்கள், வாரம் ஒருமுறை தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உதவினார்கள். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். முடிவில், உதவிய பிரிவினரின் இரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) அளவும் உடலில் அழற்சியைக் காட்டும் குறியீடும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தன. பிறரிடம் பரிவு அதிகம் கூடியவர்களிடமே இந்த மாற்றமும் அதிகம் தெரிந்தது. ஒரே ஓர் ஆய்வை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நாளெல்லாம் திரையைப் பார்த்து வாடிய முகங்களோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிற எனக்கு அது பெரிய வியப்பைத் தரவில்லை.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். இதற்கு முன் அனுப்பிய ஒப்புதல் படிவங்களில் மகனுக்கு உடனே கையெழுத்துப் போட்ட சில வீடுகளில் மகளுக்குப் போடவில்லை. காரணம் கேட்டபோது, பெண்பிள்ளை, நேரமாகிவிடும், யார் யார் வருவார்களோ என்றார்கள். உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசிப் பழகாத பெண் நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால் யாரிடம் போய், எந்தக் குரலில் பேசுவாள்? அச்சத்தை நீக்கும் பொறுப்பு பள்ளியுடையது. எல்லா நிகழ்ச்சிகளும் இருட்டும் முன் முடியும். எங்கு சென்றாலும் இரண்டு ஆசிரியர்கள் உடன் இருப்பார்கள், ஒருவர் ஆசிரியை. எந்த மாணவரும் தனியாக யாருடைய வீட்டுக்குள்ளும் செல்ல மாட்டார். பெற்றோர் எந்த நேரத்திலும் நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு வந்து பார்க்கலாம். அரசியல் கட்சிகளின் கூட்டங்களுக்கும் பிரச்சாரத்துக்கும் நம் மாணவர்களை அனுப்ப மாட்டோம். அனுமதி இல்லாமல் அவர்களின் படங்களை யாரும் வெளியிடவும் விட மாட்டோம். இத்தனைக்கும் பிறகு மகளை அனுப்பத் தயக்கம் இருந்தால் என்னை நேரில் வந்து பாருங்கள். தினமும் மாலை நான்கு மணிக்கு மேல் அலுவலகத்தில் இருப்பேன்.

வீட்டில் உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பிள்ளை எழுத வேண்டிய மனுவை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் இருக்கட்டும். கூட்டத்தில் பேச்சு தடுமாறிப்போய் முகம் தொங்கி வந்தால், "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளை அடுத்த பத்து வருடத்துக்கு வாயை மூடிக்கொள்ளும். அடுத்த முறை எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று கேளுங்கள். கம்பத்தின் எண் இல்லாமல் போய் நின்ற பையனின் அம்மா செய்தது அதுதான். டார்ச் விளக்குக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தார்.

முடிந்தால் நீங்களும் ஒருமுறை உடன் வாருங்கள். அப்பாவும் அம்மாவும் உள்ளாட்சிக் கூட்டத்தின் வாசலையே மிதிக்காத வீட்டில், பிள்ளையை மட்டும் போ என்று தள்ளினால் அது நீண்ட நாள் போகாது. ஊர் கூடி இழுத்தால்தானே தேர் நகரும். பெரியவர்கள் வடத்தை விட்டுவிட்டுச் சின்னவர்களை மட்டும் இழுக்கச் சொல்லக் கூடாது.

இந்தக் கடிதத்தோடு ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறோம். அதில் மூன்று வரிகள் காலியாக விட்டிருக்கிறோம்: நம் ஊரில் எது சரியில்லை என்று நினைக்கிறாய், அதில் உன்னால் செய்ய முடிந்தது என்ன, அதற்கு யாரிடம் பேச வேண்டும். அந்த மூன்று வரிகளையும் பிள்ளை தன் கையால் எழுதட்டும். என்ன எழுதினாலும் திருத்த வேண்டாம். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். வரும் வெள்ளிக்கிழமைக்குள் படிவங்கள் வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நானே படிக்கப் போகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்