மெமரி கார்டில் பெரிதாக அச்சிடும் வேகம் கேமராவுக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேமரா பற்றிய கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் சென்சார், லென்ஸ், ஆட்டோஃபோகஸ் எல்லாவற்றையும் அலசுகிறார்கள். மெமரி கார்டு மட்டும் 'நல்ல வேகமான கார்டாகப் பார்த்து வாங்குங்கள்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எந்த வேகம் என்று யாரும் சொல்வதில்லை. இதனால் விலை உயர்ந்த கேமரா வாங்கியவர்கள் பலர், பர்ஸ்டில், அதாவது ஷட்டரை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து பல படம் எடுக்கும்போது, கேமரா பாதியில் நின்றுவிட்டதென்றும், வீடியோ தானாகவே நின்றுபோகிறதென்றும் சர்வீஸ் சென்டருக்கு நடக்கிறார்கள். பெரும்பாலும் பழுது கேமராவில் இருப்பதில்லை.

கார்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் 'நொடிக்கு 170 எம்பி' (மெகாபைட்), '200 எம்பி' என்று போட்டிருப்பது படிக்கும் வேகம். அதாவது, கார்டில் ஏற்கெனவே இருப்பதைக் கணினிக்கு இறக்கும்போது கிடைக்கக்கூடிய உச்ச வேகம். படம் எடுக்கும்போது கேமரா கார்டில் எழுதுகிறது. எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. பல கார்டுகளில் பாதிதான். அதுவும் உச்சம்தான், தொடர்ந்து கிடைக்கும் வேகம் இல்லை. அந்த 170, 200 என்ற எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. யூஎச்எஸ்-1 என்ற இணைப்பு முறையின் உச்ச வரம்பே நொடிக்கு 104 எம்பி. அதைத் தாண்டுவதாகச் சொல்லும் யூஎச்எஸ்-1 கார்டுகள், தரவரையறைக்கு வெளியே தயாரிப்பாளர்கள் சேர்த்துக்கொண்ட ஒரு முறையில் ஓடுகின்றன. அதே முறையை ஆதரிக்கும் கார்டு ரீடரில் செருகினால்தான் அந்த வேகம் வரும். சாதாரண யூஎச்எஸ்-1 கேமராவில் போட்டால் கார்டு 104-க்குள்தான் ஓடும்.

எஸ்டி கார்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தபால்தலை அளவு இடத்தில் ஐந்தாறு குறிகள் நெருக்கிக்கொண்டிருக்கும். வட்டத்துக்குள் 10 என்று இருந்தால் அது கிளாஸ் 10: நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். ஆங்கில 'யூ' எழுத்துக்குள் 1 இருந்தால் அதே 10 எம்பி, 3 இருந்தால் 30 எம்பி. 'வி' எழுத்தோடு வரும் 6, 10, 30, 60, 90 ஆகியவை வீடியோவுக்கான வகுப்பு. அந்த எண்ணே நொடிக்கு எத்தனை எம்பி என்பதற்கான உறுதி. இவற்றோடு தனியாக ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு என்று நிற்பது இணைப்பு முறை, அதாவது யூஎச்எஸ்-1, யூஎச்எஸ்-2. இந்த ரோமன் எண்ணையும் யூ-வுக்குள் இருக்கும் எண்ணையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். யூ3 என்றால் யூஎச்எஸ்-2-ஐவிட ஒரு படி மேல் என்று நினைத்துவிடுகிறார்கள். யூ-வுக்குள் இருக்கும் எண் குறைந்தபட்ச எழுதும் வேகம், ரோமன் எண் பாதையின் அகலம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஏ1, ஏ2 என்ற குறிகள் போனில் ஆப்களை ஓட்டுவதற்கானவை. கேமராவுக்காக அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கார்டைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். யூஎச்எஸ்-1 கார்டில் ஒரே வரிசையில் முனைகள் இருக்கும். யூஎச்எஸ்-2 கார்டில் அதற்குக் கீழே இரண்டாவது வரிசை ஒன்று இருக்கும். அதன் வழியேதான் 312 எம்பி வரை போக முடிகிறது. கேமராவின் ஸ்லாட்டில் அந்த இரண்டாவது வரிசைக்கான தொடுமுனைகள் இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய யூஎச்எஸ்-2 கார்டும் அங்கே யூஎச்எஸ்-1 ஆகத்தான் வேலை செய்யும். கெட்டுப்போகாது, ஆனால் கொடுத்த பணத்துக்குப் படம் எடுக்கும் இடத்தில் பலன் இல்லை. கேமராவின் கையேட்டில் 'ஆதரிக்கும் கார்டுகள்' என்ற பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

இனி பர்ஸ்ட் விஷயம். இங்கேதான் கார்டின் வேகம் கண்ணுக்குத் தெரியும். ஷட்டரை அழுத்தியதும் படம் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் விழுந்து, அங்கிருந்து கார்டுக்கு இறங்குகிறது. மேலே குழாய் திறந்திருக்க, அடியில் வடிகால் உள்ள தொட்டியைப் போலத்தான். கணக்கும் பள்ளிக்கூடத்துத் தொட்டிக் கணக்கேதான். ஒரு ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய ஃபைல்) 30 எம்பி, கேமரா நொடிக்கு 10 படம் எடுக்கிறது, பஃபர் 900 எம்பி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 300 எம்பி உள்ளே வருகிறது. கார்டு நொடிக்கு 75 எம்பி எழுதினால் 225 எம்பி தேங்குகிறது. 4 நொடியில் பஃபர் நிரம்பிவிடும். 40 படத்தோடு கேமரா திணற ஆரம்பிக்கும், பஃபர் முழுதும் காலியாக 12 நொடி ஆகும். அதே கேமராவில் 225 எம்பி எழுதும் கார்டைப் போட்டால் தேங்குவது 75 மட்டும். 12 நொடி ஓடும், 120 படம் கிடைக்கும், 4 நொடியில் காலியாகிவிடும். 30 எம்பி மட்டுமே எழுதும் பழைய கார்டு என்றால் 33 படம்தான்.

இந்தக் கணக்கில் முதல் 33 படங்களைப் பாருங்கள். மூன்று கார்டிலும் அதுவரை எந்த வித்தியாசமும் இல்லை. ஒவ்வொன்றாகப் படம் எடுப்பவருக்கும், பர்ஸ்டில் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் போகாதவருக்கும் விலை உயர்ந்த கார்டு ஒன்றும் தரப்போவதில்லை. பஃபர் நிரம்பிய பிறகு கேமரா எவ்வளவு வேகமாக எடுக்கும், அடுத்த பர்ஸ்டுக்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற இரண்டில்தான் வித்தியாசம் தெரியும். விளையாட்டு, பறவை, மேடை நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்புதான் படத்தைத் தவறவிடும் இடம். அவர்கள் செலவழிப்பதில் நியாயம் உண்டு. கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும், கேமராவுக்குள் எழுதும் சுற்று எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே கார்டு இரண்டு கேமராவில் இரண்டு வேகத்தில் எழுதுவது அதனால்தான்.

இரண்டு ஸ்லாட் உள்ள கேமராக்களில் ஒரு பொறி இருக்கிறது. சில மாடல்களில் ஒரு ஸ்லாட் யூஎச்எஸ்-2, மற்றது யூஎச்எஸ்-1. பாதுகாப்புக்காக இரண்டிலும் ஒரே நேரத்தில் ரா பதிவு செய்யும்படி அமைத்தால், வேகம் குறைந்த கார்டு முடிக்கும்வரை பஃபர் காலியாகாது. முதல் ஸ்லாட்டில் வேகமான கார்டு போட்டும் பலனில்லை என்று புலம்புபவர்கள் இந்த அமைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கார்டுக்குச் சுருக்கிய சிறிய ஃபைலான ஜேபெக் மட்டும் போகும்படி மாற்றினால் சுமை வெகுவாகக் குறையும்.

வீடியோவில் வேறு கணக்கு. அங்கே உச்ச வேகம் எதற்கும் ஆகாது. ஒரு நொடிகூடக் கீழே இறங்காத வேகம் வேண்டும். கேமரா வீடியோவின் அளவை மெகாபிட்டில் சொல்கிறது, கார்டு மெகாபைட்டில் சொல்கிறது. 8 பிட் ஒரு பைட். ஆகவே வீடியோ எண்ணை 8-ஆல் வகுத்தால் கார்டு எண் கிடைக்கும். 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பி வேண்டும். கிளாஸ் 10 உறுதி தருவதோ 10 எம்பி மட்டும். '4கே எடுக்கக் கிளாஸ் 10 போதும்' என்று கடையில் சொல்லி வாங்கிய கார்டில் பதிவு நிற்பதற்குக் காரணம் இந்த 2.5 எம்பிதான். வி30 கார்டு 240 மெகாபிட் வரை தாங்கும். 400 மெகாபிட்டில் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகப் பதியும் ஆல்-இன்ட்ரா முறைக்கு 50 எம்பி தேவை, எனவே வி60. அதற்கும் மேலே போனால் வி90, அல்லது கேமரா ஏற்குமானால் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற, இன்னும் வேகமான வேறு வகைக் கார்டு.

கிளாஸ் 10 கார்டில் சில நாள் 4கே நன்றாகவே பதிவாகும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. காட்சியில் அசைவு குறைவாக இருந்தால் பல பதிவு முறைகளில் பிட் அளவும் குறையும். காற்றில் ஆடும் இலைகள், ஓடும் தண்ணீர், நெரிசலான கூட்டம் என்று வந்ததும் அளவு எகிறும், கார்டு பின்தங்கும், பதிவு நிற்கும். சுவரைப் பார்த்துச் சோதித்துவிட்டுத் திருமணத்துக்கு எடுத்துப் போனால் இதுதான் நடக்கும்.

புதிதில் ஓடிய கார்டு ஆறு மாதத்தில் மந்தமாவதற்கும் காரணம் உண்டு. கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பது பெரிய பெரிய தொகுதிகளாகத்தான் நடக்கும். கேமராவின் திரையைப் பார்த்து இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படங்களை நீக்கிக்கொண்டே போனால், காலி இடம் துண்டுதுண்டாகச் சிதறும். அங்கே எழுத வேண்டுமானால் கார்டு மீதமுள்ள தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, பிறகுதான் எழுத வேண்டியிருக்கும். வி30 போன்ற உறுதிமொழிகள் முழுதாகக் காலியாக உள்ள தொகுதிகளில் தொடர்ச்சியாக எழுதுவதற்கு மட்டுமே பொருந்தும். எனவே படங்களை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திய பிறகு, கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஒன்றொன்றாக நீக்க வேண்டாம். சில கேமராக்களில் லோ லெவல் ஃபார்மேட் என்று ஒரு தேர்வு இருக்கும். மந்தமான கார்டுக்கு அதை எப்போதாவது ஒருமுறை போடலாம். கணினியில்தான் செய்தாக வேண்டுமென்றால் எஸ்டி கார்டுகளின் தரவரையறையை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டரே சரி.

கார்டின் மேல் தவறாக விழும் பழிகளும் இருக்கின்றன. இரவில் 30 நொடி எக்ஸ்போஷர் எடுத்த பிறகு கேமரா இன்னொரு 30 நொடி 'பிஸி' என்று நின்றால், அது லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன். ஷட்டரை மூடி அதே நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்து, படத்தில் தோன்றும் புள்ளி இரைச்சலைக் கழிக்கிறது. எந்தக் கார்டு போட்டாலும் அந்த நேரம் குறையாது. மெனுவில் அணைத்தால்தான் குறையும். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) ஏற்றினால் பர்ஸ்டில் படங்கள் குறைவதும் கார்டின் குற்றமில்லை. புள்ளி இரைச்சல் கூடும்போது ஃபைலைச் சுருக்க முடிவதில்லை, அளவு பெருக்கிறது. படத்தின் தரம், நிறம், ஃபோகஸ் இவற்றுக்கும் கார்டின் வேகத்துக்கும் துளித் தொடர்பும் கிடையாது.

கையில் இருக்கும் கார்டு தகுதியானதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கார்டை ஃபார்மேட் செய்து, ரா, மேனுவல் ஃபோகஸ், ஷட்டர் 1/500, நிலையான ஐஎஸ்ஓ வைத்து, புத்தக அலமாரி போன்ற நுணுக்கம் நிறைந்த ஒன்றின் முன்னால் உச்ச பர்ஸ்டில் அழுத்திப் பிடியுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டுச் சோதிக்கக் கூடாது. கறுப்புப் படம் சுருங்கிச் சின்ன ஃபைலாகி, கார்டுக்குப் பொய்யான நற்சான்று கொடுத்துவிடும். வேகம் தளரும்போது எத்தனை படம் ஆகியிருக்கிறது என்று எண்ணி, விரலை எடுத்த நொடியிலிருந்து கார்டு விளக்கு அணையும்வரை நேரம் பாருங்கள். வேறொரு கார்டில் அதே அமைப்பில் செய்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் தடை கேமராவில் இருக்கிறது. அதற்கு மேல் கார்டுக்குச் செலவு செய்வது வீண்.

கணினிக்கு இறக்கும் இடத்தில் மட்டும் முகப்பில் அச்சிட்ட அந்தப் பெரிய எண்ணுக்கு வேலை உண்டு, ரீடரும் ஒத்துழைத்தால். யூஎஸ்பி 2.0 ரீடரில் நொடிக்கு 35 எம்பி வாக்கில்தான் வரும். நிரம்பிய 64 ஜிபி கார்டு அரை மணி நேரம் எடுக்கும். யூஎச்எஸ்-2 கார்டை யூஎச்எஸ்-2 ரீடரில், யூஎஸ்பி 3 போர்ட்டில் போட்டு நொடிக்கு 250 எம்பி கிடைத்தால் நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கார்டை மாற்றியும் ரீடரை மாற்றாமல் இருப்பவர்கள் நிறைய.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். கேமராவோ கார்டோ மதிப்பீடு செய்து எழுதும்போது, ஜிபி அளவோடு சேர்த்து இணைப்பு முறை, வி வகுப்பு, அளந்து பார்த்த எழுதும் வேகம் மூன்றையும் போடுங்கள். வீடியோ அளவைச் சொல்லும்போது மெகாபிட்டா மெகாபைட்டா என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். 'எம்பி' என்று மட்டும் போட்டால் எட்டு மடங்கு பிழைக்கு இடமாகிவிடுகிறது. கார்டு தயாரிப்பாளர்களும் படிக்கும் வேகத்தை அச்சிடும் அதே அளவு எழுத்தில், குறைந்தபட்ச எழுதும் வேகத்தையும் முகப்பிலேயே அச்சிட வேண்டும்.

போலிக் கார்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை எழுதுங்கள். 16 ஜிபி சில்லை வைத்து 128 ஜிபி என்று காட்டும் கார்டில் முதல் சில நூறு படங்கள் ஒழுங்காகப் பதிவாகும். உண்மையான கொள்ளளவு தீர்ந்ததும் அடுத்து எழுதுவதெல்லாம் பாழாகும், கேமரா எச்சரிக்கவும் செய்யாது. வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவசக் கருவிகளில் ஒன்றைக் கொண்டு கார்டை முழுதாக எழுதிப் படித்துச் சரிபார்க்கலாம். உண்மையில் எழுதும் வேகமும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒளிப்படத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்